வாடகைத்தாய்: சம்மதிக்கிற பெண் யார்?

அண்ணனூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு எப்போதும் கூட்டம் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தையல் வேலைக்குப் போகிறவர்கள், கொரட்டூர், வில்லிவாக்கம் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குச் சோற்று டப்பாவோடு நிற்கிறவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 29. இரண்டு பிள்ளைகள். கணவர் பெயின்ட் அடிக்கிறவர். மழைக்காலத்தில் வேலை கிடையாது. குழுக் கடன் ஒன்று, வாரத் தவணைக் கடன் ஒன்று, அடகில் ஒரு ஜோடி கம்மல். இந்தப் பெண் நான் கற்பனை செய்தவர். அவருடைய கடன் கணக்கு கற்பனை இல்லை என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற பலருக்கும் தெரியும்.

வேலை செய்யும் இடத்தில் பழக்கமான ஒருத்தி அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுக்கிறாள். “ஒம்போது மாசம்தான்க்கா. தப்பான விஷயம் எதுவும் கிடையாது, எல்லாம் டாக்டருங்களே பாத்துப்பாங்க. உன் கடன் மொத்தமும் அடைஞ்சிடும். யாராவது கேட்டா, சொந்தக்காரங்களுக்காகச் செய்றேன்னு மட்டும் சொல்லிடு.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வாடகைத்தாய் முறையில் இன்று ஏழைப் பெண்ணுக்கு இருக்கும் ஆபத்து முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அது ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த முறை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

குழந்தை வேண்டும் தம்பதியின் கருமுட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்குகிறார்கள். இரண்டு மூன்று நாளில் இருந்து ஐந்தாறு நாள் வரை வளர்ந்த அந்தக் கருவை இன்னொரு பெண்ணின் கருப்பையில் மெல்லிய குழாய் வழியாக வைக்கிறார்கள். அதற்கு முன் சில வாரங்கள், அவருடைய கருப்பையைத் தயார் செய்ய ஹார்மோன் மாத்திரைகள் கொடுப்பார்கள். கரு வைத்த பிறகும் புரோஜெஸ்டிரான் தொடரும். பல இடங்களில் அது இடுப்பில் போடும் ஊசி, நாள்தோறும், வாரக்கணக்கில். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில்தான் கரு ஒட்டியதா என்று தெரியும். ஒட்டாமல் போவதும் சாதாரணம். போனால் மறுபடி முதலிலிருந்து.

இந்தக் குழந்தைக்கும் சுமக்கிற பெண்ணுக்கும் மரபணு உறவு கிடையாது. தன் சொந்தக் கருமுட்டையைக் கொடுத்து ஒரு பெண் வாடகைத்தாயாக இருப்பதை இந்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை. “என் முகம் வராது, என் ரத்தம் வராது” என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இதனால்தான். ரத்தம் வராது என்பது முழு உண்மையல்ல. அந்தப் பிள்ளைக்கு ஒன்பது மாதமும் சோறு போவது அவருடைய ரத்தத்தின் வழியாகத்தான்.

சுமப்பதில் ஆபத்து கூடுதலா என்றால், கூடுதல்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஒப்பிட்டு 2024-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இயல்பாகக் கருவுற்ற பெண்களில் 2.3 சதவீதம் பேருக்குக் கடுமையான உடல்நலச் சிக்கல் வந்தது. செயற்கைக் கருத்தரிப்பில் தன் குழந்தையையே சுமந்தவர்களில் அது 4.3 சதவீதம். பிறர் குழந்தையைச் சுமந்தவர்களில் 7.8 சதவீதம். நல்ல மருத்துவமும் நல்ல சாப்பாடும் கிடைக்கிற நாட்டின் கணக்கு இது. நம் ஊரில் ரத்தசோகையோடு வேலைக்குப் போகிற பெண்ணின் உடம்பை வைத்து யாராவது இப்படி எண்ணிப் பார்த்தால் என்ன வருமோ.

சட்டம் என்ன சொல்கிறது

2002-ல் இருந்து ஏறத்தாழ 2015 வரை இந்தியாவில் வாடகைத்தாய் முறை வெளிப்படையான வியாபாரமாக நடந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரம் உலகப் புகழ் பெற்றது. சென்னையிலும் பெண்களை ஒரே வீட்டில் தங்கவைத்து நடத்தினார்கள். சுமந்த பெண்ணுக்கு மூன்று, நான்கு லட்சம் ரூபாய் அளவில் கிடைத்தது. மருத்துவமனைக்கும் தரகருக்கும் போனது அதைவிட அதிகம். 2009-ல் சட்ட ஆணையம் தன் 228-வது அறிக்கையில் இந்த வியாபாரத்தை நிறுத்தச் சொன்னது. 2015 நவம்பரில் வெளிநாட்டினருக்குக் கதவு அடைக்கப்பட்டது. 2022 ஜனவரி 25 முதல் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டப்படி பணத்துக்காகச் சுமப்பது குற்றம். மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகள் குறிப்பிடும் இதர செலவுகள் தவிர சுமப்பவருக்கு எதுவும் தரக் கூடாது. வியாபாரமாக நடத்தும் மருத்துவமனைக்கும் தரகருக்கும் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பணம் கொடுத்து வாடகைத்தாய் தேடும் தம்பதிக்கும் முதல் முறை 5 ஆண்டு வரை சிறை உண்டு.

சுமக்கிற பெண் 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். மணமானவராகவோ மணமாகியிருந்தவராகவோ இருக்க வேண்டும். சொந்தக் குழந்தை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டும். கரு வைக்கும் முயற்சி மூன்று முறைக்கு மேல் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கருதான் வைக்க வேண்டும்; தனிப்பட்ட மருத்துவக் காரணம் இருந்தால்தான் மூன்று வரை.

தம்பதியில் பெண்ணுக்கு 23 முதல் 50, ஆணுக்கு 26 முதல் 55 வயது. உயிரோடு வேறு குழந்தை இருக்கக் கூடாது. கடுமையான குறைபாடோ உயிர்க்கொல்லி நோயோ உள்ள பிள்ளை இருந்தால் விலக்கு உண்டு. விதவை அல்லது மணவிலக்குப் பெற்ற பெண் 35 முதல் 45 வயதுக்குள் தனியாகவும் கோரலாம். அவர் தன் சொந்தக் கருமுட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும். மணமாகாத பெண்ணுக்கு இடமில்லை. தன்பாலினத்தவருக்கும் இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறைய வைத்துவிட்ட தம்பதிகளுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மருத்துவக் காரணத்தை மாவட்ட மருத்துவ வாரியம் உறுதி செய்ய வேண்டும். நலப்பணிகள் இணை இயக்குநர் அளவிலான அதிகாரி அதன் தலைவர். மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் உறுப்பினர்கள். பிறக்கப்போகும் குழந்தை யாருடையது என்று முதல் வகுப்பு குற்றவியல் நடுவர் முன்கூட்டியே ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணைக்கான மனுவில் தம்பதியோடு சுமக்கிற பெண்ணும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அதாவது, அண்ணனூர்ப் பெண் நீதிமன்றப் படி ஏறாமல் எந்த வாடகைத்தாய் ஏற்பாடும் சட்டப்படி தொடங்க முடியாது. “கோர்ட்டு எல்லாம் வேணாம், பாண்டுல கையெழுத்துப் போட்டா போதும்” என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

2019-ல் வந்த மசோதாவில், நெருங்கிய உறவுக்காரப் பெண் மட்டுமே சுமக்கலாம் என்று இருந்தது. மாநிலங்களவையின் தேர்வுக்குழு 2020-ல் அதை மாற்றி, ‘சம்மதிக்கிற எந்தப் பெண்ணும்’ என்று ஆக்கியது. நல்ல எண்ணத்தோடுதான். உறவுக்காரி மட்டும் என்றால் குடும்பத்தில் வாயில்லாத மருமகள்தான் மாட்டுவாள் என்ற வாதம் சரியானது. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. பணம் இல்லை, உறவு இல்லை, நன்றிக்கடன் இல்லை. பிறகு எந்தப் பெண் சம்மதிப்பாள்? அன்பினால் சம்மதிக்கிறவர்கள் இருக்கலாம். தோழிக்காக, அக்காவுக்காகச் சுமந்தவர்கள் உலகெங்கும் உண்டு. முன்பின் தெரியாத வசதியான தம்பதிக்காக ஓர் ஏழைப் பெண் ‘மனமுவந்து’ வந்து நிற்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் எழுதப்படாத ஒரு தொகை இருக்கிறது என்றே நான் நினைப்பேன்.

வில்லிவாக்கம் சொல்லும் பாடம்

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அண்ணனூரில் வண்டி ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் வில்லிவாக்கம். அந்த ஊருக்கு ஒருகாலத்தில் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் இருந்தது. 1980-களிலும் 90-களிலும் அங்கிருந்த குடிசைப் பகுதிகளில் பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் விற்றார்கள். இடுப்போரத் தழும்பைக் காட்டிப் பேசிய அந்தப் பெண்களைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட வந்து எழுதினார்கள்.

1994-ல் உடல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பனை குற்றமானது. ஆனால் உறவினர் அல்லாதவர் ‘அன்பினாலோ பற்றினாலோ’ தானம் செய்வதாகச் சொன்னால், அங்கீகாரக் குழு அனுமதி தரலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதன் பிறகு, கந்துவட்டிக்குக் கட்ட முடியாத பெண்ணுக்கு முன்பின் பார்த்திராத பணக்கார நோயாளியின் மேல் காகிதத்தில் அன்பு பிறந்தது. குழு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று தரகர் சொல்லிக்கொடுத்தார்.

2001 பிப்ரவரியில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஓர் ஆய்வு நடந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2002-ல் வெளியானது. விற்றவர்களில் 96 சதவீதம் பேர் சொன்ன காரணம் கடன். கையில் கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். கடனை அடைக்க விற்றவர்களில் 74 சதவீதம் பேர் ஆய்வு நடந்த நாளில் மறுபடியும் கடனில் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, ஏனென்றால் பழையபடி உழைக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. “உன் நிலைமையில் இருக்கிற இன்னொருவரை விற்கச் சொல்வாயா?” என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் இதே சிறுநீரக வியாபாரம் நடந்தது வெளியே வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையை எட்டு முறை எடுத்து விற்ற வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். தாயும் தாயோடு வாழ்ந்தவரும் தரகரும் கைதானார்கள். ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். கருமுட்டை தானத்துக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது.

தடை வந்தபின் வியாபாரம் நிற்கவில்லை; ஒளிந்துகொண்டது. ஒளிந்த வியாபாரத்தில் யார் கை ஓங்கும்? மருத்துவமனை முன்பணம் வாங்கிவிடுகிறது. தரகர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். தம்பதிக்குக் குழந்தை கிடைக்கிறது. சுமந்த பெண்ணுக்குப் பேசிய தொகையில் பாதிதான் வந்தால் அவர் எங்கே போய்க் கேட்பார்? நீதிமன்றத்தில் அவர் கையெழுத்துப் போட்டது ‘எந்தப் பலனும் பெறாமல் மனமுவந்து’ என்று. பணம் தரவில்லை என்று புகார் கொடுத்தால், பணம் பேசியதை ஒப்புக்கொண்டதாக ஆகும். “சொந்தக்காரங்களுக்காகன்னு சொல்லிடு” என்ற அந்த வார்த்தை அவருடைய வாயைத்தான் முதலில் கட்டுகிறது.

இங்கே சட்டத்தில் அவருக்குச் சாதகமான ஓர் இடம் இருக்கிறது. அதைப் பலரும் சொல்வதில்லை. இப்படிப்பட்ட வழக்கில் பெண்ணைக் கணவரோ தம்பதியோ உறவினரோ கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. ஏமாற்றப்பட்ட பெண் ‘நானும் ஜெயிலுக்குப் போவேனோ’ என்று பயந்து ஒளிய வேண்டியதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இருளர் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் சில ஆயிரத்துக்காக ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்ட செய்திகள் இந்த மாவட்டப் பக்கங்களில் எத்தனை முறை வந்திருக்கின்றன. முன்பணம் கொடுத்து, வெளியே போகவிடாமல் ஓரிடத்தில் வைத்து, உழைப்பை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-லேயே அது ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒன்பது மாதம் ஒரு வீட்டில் பூட்டி வைத்து, கைபேசியை வாங்கி வைத்து, பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுகிற ஏற்பாட்டுக்கு வேறு என்ன பெயர்? 2024 நவம்பரில் ஹைதராபாதில், ஒடிசாவிலிருந்து வாடகைத்தாயாக இருக்க அழைத்துவரப்பட்ட ஓர் இளம்பெண் அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 10 லட்சம் ரூபாய் பேசியிருந்தார்கள் என்றும், தங்கவைத்த இடத்தில் தொல்லை கொடுத்தார்கள் என்றும் புகார். அவருக்கு ஒரு சிறு மகன் இருந்தான்.

எந்தச் சாதி முட்டை, எந்தச் சாதி வயிறு

வாடகையைத் தடை செய்த பிறகும் தமிழில் பெயர் ‘வாடகைத்தாய்’ என்றே நிற்கிறது. ஆவடி, அம்பத்தூர் பக்கம் வீடு தேடிப் போன தலித் குடும்பங்களுக்கு வாடகை என்ற சொல் வேறு மாதிரி ஒலிக்கும். “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் காலியாக இருந்த வீடு திடீரென்று ஆள் வந்த வீடாகிவிடும். அந்தக் கேள்வி வயிற்றை வாடகைக்கு எடுக்கும்போது எப்படிக் கேட்கப்படுகிறது?

கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் சாதி கேட்கிறார்கள். நிறம், படிப்பு, உயரத்தோடு சாதியையும் சேர்த்துக் கேட்கும் தம்பதிகளைப் பற்றி மருத்துவர்களே பலமுறை செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சுமக்கிற வயிற்றுக்கு அவ்வளவு தேர்வு வைப்பதில்லை. ‘ரத்தம் கலக்காது’ என்று மருத்துவம் உறுதி கொடுத்துவிட்டதால், வயிறு யாருடையதாகவும் இருக்கலாம். உழைப்பு வேண்டும், உறவு வேண்டாம். நாற்று நடும் கை வேண்டும், அந்தக் கை தொட்ட குவளை வேண்டாம் என்ற பழைய ஏற்பாட்டிலிருந்து இது அவ்வளவு தூரம் இல்லை.

இன்னும் பழைய சான்றும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மதராசில் ஐரோப்பியக் குடும்பங்கள் குழந்தைகளுக்குப் பாலூட்டப் பெண்களை வேலைக்கு வைத்தார்கள். அவர்களை ‘ஆமா’ என்று அழைத்தார்கள். சாதி இந்துப் பெண்கள் அந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்பதால் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களே பெரும்பாலும் போனார்கள். அங்கே துரை வீட்டுப் பிள்ளை பால் குடித்தபோது, அவளுடைய கைப்பிள்ளை சேரியில் கஞ்சித் தண்ணீர் குடித்தது. இன்றைய சட்டமும் சுமக்கிற பெண்ணுக்குச் சொந்தக் குழந்தை இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தக் குழந்தையை ஒன்பது மாதம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சட்டத்தின் எந்தப் பிரிவும் கேட்கவில்லை.

வாடகைத்தாய்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று அரசு கணக்கு வெளியிட்டதாக நான் பார்த்ததில்லை. மாவட்ட மருத்துவ வாரியத்தில் விண்ணப்பங்கள் வருகின்றன. பெயர் எதுவும் இல்லாமல், சுமக்கிறவரின் சமூகம், வருமானம், தொழில் இவற்றை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட்டாலே போதும், ‘மனமுவந்து’ வருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

குழந்தை வேண்டுமென்று நிற்பவர்கள்

தம்பதிகளை வில்லனாக்கி எழுதுவது எளிது, நியாயமாகாது. கருப்பையில்லாமல் பிறந்த பெண்கள் இருக்கிறார்கள். புற்றுநோயாலோ பிரசவத்தின்போது நிற்காத ரத்தப்போக்காலோ கருப்பையை எடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். கருப்பைக் காசநோய் நம் நாட்டில் குழந்தையின்மைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. காசநோய் யார் வீட்டை அதிகம் தேடி வரும் என்பது தெரிந்ததே. ‘மலடி’ என்ற சொல்லைக் கேட்டு வளைகாப்பு வீடுகளுக்குப் போவதையே நிறுத்திக்கொண்ட பெண்கள் அண்ணனூரிலும் இருக்கிறார்கள், அண்ணா நகரிலும் இருக்கிறார்கள். அண்ணா நகர்க்காரருக்கு ஒரு வழி இருக்கிறது. அண்ணனூர்த் தலித் தம்பதிக்கு அந்த வழியில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது: சுமப்பவராகப் போகலாம், சுமக்கச் சொல்பவராகப் போக முடியாது. எழும்பூர் அரசு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருப்பது நல்ல தொடக்கம். அது மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்தால்தான் கூலித் தொழிலாளிக்குப் பயன்.

ஒளிவுமறைவில் நடப்பதால் தம்பதிகளும் ஏமாறுகிறார்கள். 2025 ஜூலையில் செகந்திராபாதில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் மருத்துவர் கைதானார். வாடகைத்தாய் மூலம் பெற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு தம்பதியிடம் சுமார் 35 லட்சம் ரூபாய் வாங்கியிருந்தார்கள். மரபணுச் சோதனையில் குழந்தை அவர்களுடையது இல்லை என்று தெரிந்தது. அசாமைச் சேர்ந்த ஏழைப் பெற்றோரிடம் 90 ஆயிரம் ரூபாய் அளவில் கொடுத்து வாங்கிய பிள்ளை அது என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. 35 லட்சத்துக்கும் 90 ஆயிரத்துக்கும் இடையில் உள்ள தொகை எங்கே போனது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

2022 அக்டோபரில் நடிகை நயன்தாராவும் இயக்குநர் விக்னேஷ் சிவனும் இரட்டைக் குழந்தைகளை அறிவித்தபோது தமிழ்நாடே வாடகைத்தாய்ச் சட்டம் படித்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. அவர்கள் விதியை மீறவில்லை என்று அறிக்கை வந்தது. மருத்துவமனை ஆவணங்களைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மட்டும் குறை சொன்னது. அந்த இரண்டு வாரமும் தொலைக்காட்சிகள் நடிகையின் கல்யாணத் தேதியைத்தான் தோண்டின. சுமந்த பெண்ணுக்குக் காப்பீடு எடுக்கப்பட்டதா, பிரசவத்துக்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்ட குரல் என் காதில் விழவில்லை.

கூலி என்று ஒப்புக்கொண்டால் என்ன?

2017 ஆகஸ்டில் சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் 102-வது அறிக்கையில் நேராகவே சொன்னது: ஏழைப் பெண்ணை எந்த ஈடும் இல்லாமல் சுமக்கச் சொல்வதே ஒருவகைச் சுரண்டல், நியாயமான இழப்பீடு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அரசு அதை ஏற்கவில்லை. தாய்மையை விலை பேசக் கூடாது என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் மருத்துவர் கட்டணம் வாங்குகிறார், வக்கீல் வாங்குகிறார், ஆய்வகம் வாங்குகிறது, காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் வாங்குகிறது. தியாகம் செய்ய வேண்டியவர் ஒருவர் மட்டும்தான்.

முழுதாகத் தடை செய்ய வேண்டும் என்கிற தலித் தோழர்களும் பெண்ணியத் தோழர்களும் இருக்கிறார்கள். வில்லிவாக்கத்துத் தழும்புகளைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. தடை செய்தும் நடக்கிறது என்பதால், சம்பளம், ஓய்வு, தொடர் மருத்துவம் மூன்றையும் எழுத்தில் கொண்டுவருவதே சுமக்கிற பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

1928 ஜூலையில் பம்பாய் சட்ட மேலவையில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறுச் சலுகை மசோதா வந்தபோது அம்பேத்கர் எழுந்து ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அதன் செலவில் பெரும்பகுதி அரசின் பொறுப்பு என்றார். பெண்ணை வேலைக்கு வைத்து லாபம் பெறும் முதலாளியும் தப்பிக்க முடியாது என்றார். பலன் பெறுகிறவர் சுமையில் பங்கு ஏற்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு இங்கே நேராகப் பொருந்துகிறது. 2024 ஜூனில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கான விடுப்பு விதியைத் திருத்தி, வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறும் பெண் ஊழியருக்கும், ஊழியராக இருந்தால் சுமக்கிற பெண்ணுக்கும் 180 நாள் விடுப்பு தந்தது. மத்திய அரசு ஊழியர் எவராவது வாடகைத்தாயாகப் போவார் என்று விதி எழுதியவர்கள் நினைத்தார்களா, தெரியவில்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நாலு நாள் போகாவிட்டால் வேலையே போய்விடும்.

அண்ணனூர்ப் பெண்ணிடம் திரும்புவோம். அவர் வேண்டாம் என்று சொல்லலாம். சரி என்று சொல்லவும் கூடும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது புத்திமதி எடுபடாது. சரி என்று சொல்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

சம்மதப் படிவம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். பின்விளைவுகளை விளக்கிச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் விரலைக் காட்டி “இங்க போடுங்க” என்றால் போடக் கூடாது. கருவை வைக்கும் நிமிடம் வரை மனம் மாறி விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதற்குப் பணம் திருப்பிக் கேட்டு மிரட்ட முடியாது. கருவைக் கலைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கலைக்க வேண்டிய நிலை வந்தாலும் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதமும் உரிய அதிகாரியின் அனுமதியும் வேண்டும். பிறந்தது பெண், பிறந்தது குறையோடு, பிறந்தது இரட்டை என்று எந்தக் காரணம் சொல்லியும் தம்பதி குழந்தையை விட்டுப் போக முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் காப்பீடு. 36 மாதத்துக்கு அவர் பெயரில் மருத்துவக் காப்பீடு எடுத்த பிறகுதான் அனுமதியே கிடைக்கும். முதலில் 16 மாதம் என்று இருந்ததைத் தேர்வுக்குழு 36 ஆக்கியது. அந்தக் கூடுதல் மாதங்கள் பிரசவத்துக்குப் பிறகு வரும் சிக்கலுக்காக. இழப்பு, நோய், மரணம் எது நேர்ந்தாலும் ஈடு செய்வதாகத் தம்பதி பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டும். காப்பீட்டு அட்டையும் பிரமாணப் பத்திர நகலும் நடுவர் ஆணையின் நகலும் மருத்துவமனைக் கோப்பில் இருந்தால் போதாது. அவருடைய வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். தையல் பிரித்த இடத்தில் சீழ் வைத்து நடுராத்திரியில் ஆவடி மருத்துவமனைக்கு ஓடுகிறபோது தரகரின் போன் எடுக்காது.

பட்டியல் சமூகத்தவர் எவருக்கும், பெண்கள் எவருக்கும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பூட்டி வைத்திருந்தாலோ தொல்லை இருந்தாலோ 181 பெண்கள் உதவி எண். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு எண்களையும் அம்மாவின் போனில் பதிந்து கொடுத்துவிடலாம். அத்தையின் போனிலும், பக்கத்து வீட்டு அக்காவின் போனிலும்.